வாடகை வீட்டுக்குக் காப்புறுதி: எது உள்ளே, எது வெளியே?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வீடு வாடகைக்குக் கொடுத்திருக்கும் ஒருவரிடம் காப்புறுதி பற்றிக் கதைத்துப் பாருங்கள். "லோன் எடுக்கேக்கையே பாங்க் இன்சூரன்ஸ் போட்டுட்டுது" என்பார். இல்லாவிட்டால் "வெள்ளம் வந்தா அரசாங்கம் ஏதும் தரும்தானே" என்பார். அதுவும் இல்லாவிட்டால் "இருக்கிறவை உடைச்சா அட்வான்ஸ்ல கழிக்கலாம்" என்பார். இந்தப் பதில்களில் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சின்ன மூலையைத்தான் மூடுகிறது. உங்கள் வளவுக்குள் வேறொருவருக்கு அடிபட்டால் யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு மூன்றிலும் பதில் இல்லை.

வன்னியில் வாடகைக்குக் கொடுப்பவர்கள் பெரிய முதலாளிகள் அல்ல. ஏ9 வீதியோரம் வீட்டோடு ஒட்டி இரண்டு அறை கட்டியவர், அறிவியல்நகர் வளாகத்து மாணவர்களுக்கோ பம்பைமடுவில் படிக்கிறவர்களுக்கோ அறை கொடுப்பவர், மாற்றலாகி வந்த ஆசிரியருக்குப் பாதி வீட்டைக் கொடுத்தவர், கனடாவில் இருந்துகொண்டு முள்ளியவளையில் இருக்கும் வீட்டைச் சித்தப்பாவின் பொறுப்பில் விட்டவர். இவர்கள் பலருக்கு அந்த ஒரு கட்டடம்தான் வாழ்நாள் சேமிப்பு. அதனால்தான் இதை அடியிலிருந்து விளங்கிக்கொள்வது நல்லது.

## மோட்டார் சைக்கிளில் தொடங்குவோம்

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் 'தேர்ட் பார்ட்டி' என்றால் என்ன, 'புல் இன்சூரன்ஸ்' என்றால் என்ன என்று தெரியும். நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால் அவருக்குக் கொடுக்க வேண்டிய நட்டஈட்டைத் தேர்ட் பார்ட்டி பார்த்துக்கொள்ளும். உங்கள் சைக்கிள் நெளிந்ததற்கு அதில் ஒரு சதமும் வராது. அதற்குப் புல் இன்சூரன்ஸ் வேண்டும்.

வீட்டுக்கும் இதே இரண்டு பக்கம்தான். ஒன்று, உங்கள் கட்டடமும் பொருளும் சேதமானால் கிடைக்கும் பணம். இதைச் சொத்துக் காப்புறுதி என்போம். மற்றது, உங்கள் கவனக்குறைவால் இன்னொருவருக்குக் காயமோ நட்டமோ வந்தால் அவருக்குச் சேர வேண்டிய பணம். இதைப் பொறுப்புக் காப்புறுதி என்போம். நிறுவனங்களின் படிவங்களில் 'பொதுப் பொறுப்பு', 'பப்ளிக் லயபிலிட்டி' என்ற பெயர்களில் இருக்கும். இரண்டுக்கும் நீங்கள் வருடா வருடம் கட்டுவது கட்டுப்பணம். நிறுவனத்தோடு செய்துகொள்ளும் எழுத்து ஒப்பந்தம் பொலிசி.

ஒரு வித்தியாசம் உண்டு. தேர்ட் பார்ட்டி இல்லாமல் வீதியில் இறங்கினால் பொலிஸ் மறிக்கும். வீட்டுக்கு அப்படி யாரும் மறிப்பதில்லை. மறிக்க ஆள் இல்லாததால்தான் அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே பலருடைய நினைவுக்கு வருவதில்லை என்று நினைக்கிறேன்.

## உரிமையாளர் எப்போது பொறுப்பாளி ஆகிறார்?

எங்கள் ஊர்களில் இரண்டு எல்லையான எண்ணங்கள் இருக்கின்றன. "என்ரை வளவுக்குள்ள என்ன நடந்தாலும் நான்தான் கட்டவேணும்" என்பது ஒன்று. "வாடகைக்குக் குடுத்தாச்சு, இனி அவையின்ரை பாடு" என்பது மற்றது. இரண்டுமே பிழை.

இப்படியான விடயங்களில் இலங்கையின் சட்டம் ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. நட்டஈடு கேட்டு ஒருவர் வழக்குப் போட்டால், பொதுவாக அவர் மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும்: தனக்கு உண்மையான நட்டம் வந்தது, அது உங்கள் செயலால், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் வந்தது, அதில் உங்கள் பக்கம் தவறு இருந்தது. தவறு என்றால் வேண்டுமென்று செய்ததாக இருக்க வேண்டியதில்லை. நியாயமான ஒரு மனிதர் முன்கூட்டியே கண்டு தடுத்திருக்கக்கூடிய ஆபத்தை நீங்கள் தடுக்காமல் விட்டிருந்தால் அதுவும் தவறுதான். அதைக் கவனக்குறைவு என்கிறோம்.

கிணற்றை எடுத்துக்கொள்வோம். வன்னியில் கிணறு இல்லாத வளவு குறைவு. கட்டு இடிந்து, தரை மட்டத்துக்கு வந்துவிட்ட கிணறு ஒன்று பின்வளவில் இருக்கிறது. வீட்டில் குடியிருப்பவர் இரண்டு தரம் சொல்லியும் நீங்கள் "தை பிறக்கட்டும், பாப்பம்" என்றீர்கள். அவர் வீட்டுக்கு வந்த பிள்ளை விழுந்து காயப்பட்டால் உங்கள் பக்கம் தவறு இருக்கிறதென்று காட்டுவது கஷ்டமில்லை. அதே கிணறு நல்ல கட்டோடும் மூடியோடும் இருந்து, குடியிருப்பவர் தண்ணீர் அள்ளிவிட்டு மூடியைத் திறந்தபடி விட்டுப் போயிருந்தால் கதை மாறுகிறது. அங்கே தவறு பெரும்பாலும் அவர் பக்கம்.

மின்சாரமும் இப்படித்தான். பழைய வயறிங், ட்ரிப் சுவிட்ச் இல்லாத பெட்டி, குளியலறைச் சுவரில் கசியும் ஹீட்டர் எல்லாம் உரிமையாளர் பார்க்க வேண்டியவை. குடியிருப்பவர் தானே வயர் இழுத்து வெளியில் பல்ப் போட்டிருந்தால் அது வேறு கணக்கு. சாய்ந்து நிற்கும் மதில், வீதிக்கு மேல் நீட்டிய பட்ட மரக்கொப்பு, உயரத்தில் வைத்த தண்ணீர்த் தாங்கியின் உக்கிப்போன தாங்குகட்டு ஆகியவற்றில் ஆபத்து குடியிருப்பவரோடு நிற்பதில்லை. வீதியால் போகிறவருக்கும் அடிபடலாம்.

இன்னொரு நம்பிக்கை, வாடகை உடன்படிக்கையில் "எந்த விபத்துக்கும் உரிமையாளர் பொறுப்பல்ல" என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்பது. உடன்படிக்கை கையெழுத்து வைத்தவர்களுக்கு இடையில் மட்டுந்தான். கிணற்றில் விழுந்த விருந்தாளிப் பிள்ளை அதில் கையெழுத்து வைக்கவில்லை. மதிலோரம் போனவரும் வைக்கவில்லை. உடன்படிக்கைக்கு வேறு பயன் உண்டு: எந்தத் திருத்தம் யார் வேலை என்று தெளிவாக எழுதியிருந்தால், பிறகு தவறு யார் பக்கம் என்று பார்க்கும்போது அது உதவும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கொப்பித் தாளில் ஐந்து வருடத்துக்கு என்று எழுதி முத்திரை ஒட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காயப்பட்டவருக்கும் காலக்கெடு உண்டு. இப்படியான நட்டத்துக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆகவே "ஆறு மாதம் போட்டுது, ஒண்டும் வரேல்லை" என்று நிம்மதியாகப் படுக்க முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வளவுக்குள் நடந்தது என்பதால் மட்டும் உரிமையாளர் பொறுப்பாளி ஆகமாட்டார். வாடகைக்குக் கொடுத்துவிட்டார் என்பதால் மட்டும் பொறுப்பிலிருந்து தப்பவும் மாட்டார். தவறு யார் பக்கம் என்பதுதான் கேள்வி.

## பொறுப்புக் காப்புறுதி உள்ளே எப்படி ஓடுகிறது

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் 'லாண்ட்லோர்ட் இன்சூரன்ஸ்' என்று சொல்வார்கள். அந்தப் பெயரைத் தேடி அலையத் தேவையில்லை. வீட்டுக்கான பொலிசி ஒன்று எடுக்கும்போது அதில் பொதுப் பொறுப்பும் சேர்ந்திருக்கிறதா, அது வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்கும் பொருந்துமா என்று கேட்டால் போதும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். உரிமையாளர் தானே குடியிருக்கும் வீடு என்று நினைத்து எழுதப்பட்ட பொலிசியில் வாடகைக்காரரின் விருந்தாளி உள்ளடங்காமல் போகலாம்.

இதில் ஓர் உச்சத் தொகை எழுதியிருக்கும். ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் இவ்வளவு என்று. அதற்கு மேல் போனால் உங்கள் பொக்கற்றுத்தான். வழக்கறிஞர் செலவு அந்தத் தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்; வழக்கு இழுபட்டால் அதுவே பெரிய செலவு.

அடுத்ததுதான் எங்கள் ஊர்ப் பழக்கத்தோடு நேரே முட்டும் நிபந்தனை. ஏறக்குறைய எல்லாப் பொறுப்புப் பொலிசிகளிலும், நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் நீங்கள் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று இருக்கும். வன்னியில் ஒருவர் விழுந்து காலை முறித்தால் என்ன நடக்கும்? உரிமையாளர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். பின்னேரம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வருவார்கள். "சரி தம்பி, இவ்வளவைக் குடுத்து முடிச்சு விடு" என்று ஒரு தொகை பேசப்படும். சிலவேளை பொலிஸ் நிலையத்திலோ இணக்க சபையிலோ வைத்துக் கையெழுத்தும் ஆகிவிடும். எல்லாம் நல்ல மனதோடு நடப்பது. ஆனால் அதற்குப் பிறகு காப்புறுதி நிறுவனத்துக்குப் போனால் "எங்களைக் கேட்காமல் ஒப்புக்கொண்டீர்கள்" என்று கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

அதற்காகக் காயப்பட்டவரைப் போய்ப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், சாப்பாடு கொடுத்தனுப்புங்கள், பக்கத்தில் இருங்கள். "என்ரை பிழைதான், முழுச் செலவும் நான் கட்டுறன்" என்று எழுதிக் கொடுப்பதைத்தான் நிறுவனத்துக்கு அறிவிக்கும்வரை தள்ளிப்போட வேண்டும். பெரியவர்களிடமும் "இன்சூரன்ஸ் இருக்கு, அவைக்கு அறிவிச்சிட்டுக் கதைப்பம்" என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். வாகன விபத்தில் இதைக் கேட்டுப் பழகியவர்கள்தானே.

பொறுப்புப் பொலிசிகள் வழக்கமாகத் தொடாத இடங்களும் உண்டு. வேண்டுமென்று செய்த கெடுதல் ஒன்று. ஆபத்து தெரிந்தும் திருத்தாமல் விட்டது இன்னொன்று. நியாயமான முன்னெச்சரிக்கை எடுப்பது உங்கள் கடமை என்று பொலிசியிலேயே இருக்கும், இடிந்த கிணற்றுக் கட்டைக் காப்புறுதியின் தலையில் போட முடியாது. தண்டப்பணமும் அதற்குள் வராது. 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வளவில் குடம்பி கண்டு நீதிமன்றம் தண்டம் விதித்தால் அதைக் கட்டுவது நீங்கள்தான்.

## சொந்த நட்டம்: தீயைத் தாண்டி

சொத்துக் காப்புறுதியின் அடிப்படைப் பொலிசி தீ, மின்னல் போன்றவற்றுக்குத்தான். புயல், வெள்ளம், களவு, தண்ணீர்க் குழாய் வெடிப்பு போன்றவை பல பொலிசிகளில் மேலதிகமாகச் சேர்க்க வேண்டியவை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்த இரவையும், 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்ததையும் கண்டவர்களுக்கு வெள்ளத்தையும் புயலையும் ஏன் சேர்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் என்பவற்றுக்குத் தனியான காப்பு உண்டு. அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாகப் பொலிசியோடு சேர்க்கப்படும். போர் என்ற சொல் வழக்கமாக விலக்குப் பட்டியலில்தான் நிற்கும். 2009ஐக் கடந்து வந்த ஊரில் அந்த வரியை வாசிக்கும்போது ஒரு கணம் நிற்கத்தான் தோன்றும்.

யானை? துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் இது சிரிப்புக் கேள்வி அல்ல. சில பொலிசிகளில் 'வாகனம் அல்லது விலங்கு மோதுதல்' என்று ஒரு வரி இருக்கும். காட்டு யானை சுவரை இடித்தால் அது அந்த வரிக்குள் வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கறையான் அரிப்பு, துரு, நாட்பட்ட ஒழுக்கு இவை வராது. திடீரென்று நடப்பதற்குத்தான் காப்புறுதி. மெல்ல மெல்ல நடப்பது பராமரிப்பு.

வாடகை வீட்டுக்காரர் விசேடமாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உங்கள் பொலிசி வாடகைக்காரரின் பொருட்களைக் காக்காது. வெள்ளத்தில் அவருடைய பிரிட்ஜ் பழுதானால் அது உங்கள் சொத்து அல்ல, ஆகவே சொத்துக் காப்புறுதியில் வராது. வெள்ளம் உங்கள் தவறும் அல்ல, ஆகவே பொறுப்புக் காப்புறுதியிலும் வராது. அவர் தன் பொருளுக்குத் தானே காப்புறுதி எடுக்க வேண்டும். வீட்டைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிறகு முகம் முறியாது.

களவுக்குப் பெரும்பாலும் 'பலவந்தமாக உள்நுழைந்ததற்கான அடையாளம்' வேண்டும். பூட்டு உடைந்திருக்க வேண்டும், கதவு பெயர்ந்திருக்க வேண்டும். குடியிருந்தவரே தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் அந்த அடையாளம் இருக்காது. அதற்குத்தான் அட்வான்ஸ்.

வாடகை இழப்புக் காப்பு என்று ஒன்றைச் சேர்க்கலாம். இதைப் போல் பிழையாக விளங்கப்பட்ட ஒன்று வேறில்லை. வாடகைக்காரர் காசு தராவிட்டால் கிடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், தீயாலோ புயலாலோ வீடு குடியிருக்க முடியாமல் போய், திருத்தும் காலத்தில் வராமல் போகும் வாடகைக்குத்தான் அது.

பிறகு ஆள் இல்லாத வீடு. தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்தால் சில காப்புகள் நின்றுவிடும் என்று பல பொலிசிகளில் எழுதியிருக்கும். பல்கலைக்கழக நீண்ட விடுமுறை, ஒரு வாடகைக்காரர் போய் அடுத்தவர் வரும் இடைவெளி, வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வீடு எல்லாம் இதில் மாட்டும். வெறுமையாகப் போகிறதென்று முன்னரே அறிவித்தால் வழி பேசலாம்.

## பாதிக்குக் காப்புறுதி, பாதி நட்டஈடு

ஒருவர் வீட்டை 40 இலட்சம் ரூபாய்க்குக் காப்புறுதி செய்திருக்கிறார். இன்று அதே வீட்டைத் திரும்பக் கட்ட 80 இலட்சம் வேண்டும். குசினிப் பக்கம் எரிந்து 20 இலட்சம் நட்டம். 40 இலட்சத்துக்கு எடுத்திருக்கிறார், நட்டம் 20தானே, முழுவதும் கிடைக்கும் என்று நினைப்பார். கிடைப்பது 10 இலட்சம். வீட்டின் பாதிப் பெறுமதிக்குத்தான் கட்டுப்பணம் கட்டினார். ஆகவே எந்த நட்டத்திலும் பாதிதான். இதைச் சராசரி விதி என்பார்கள். அதிலிருந்தும் 'எக்செஸ்' என்ற ஒரு தொகை கழியும். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் பகுதியாக நீங்கள் தாங்க வேண்டியது அது.

எழுத வேண்டிய தொகை, வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு. விற்பனை விலை அல்ல. நிலம் எரிவதில்லை, ஆகவே ஏ9 ஓரத்துக் காணி விலையைச் சேர்த்துக் கட்டுப்பணத்தை வீணாக்க வேண்டாம். மறுபக்கம், இந்திய வீட்டுத் திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் மானியத்தில் எழுந்த வீட்டுக்கு அந்தத் தொகையையே பெறுமதி என்று எழுதினால் சராசரி விதி கழுத்தைப் பிடிக்கும். 2022 நெருக்கடிக்குப் பிறகு சீமெந்தும் கம்பியும் எங்கே போய் நிற்கின்றன என்று மேசனைக் கேட்டாலே தெரியும். அதற்கு முந்திய பொலிசியைத் தொகை மாற்றாமல் புதுப்பித்து வருபவர்கள் இன்றைக்கே எடுத்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கம்: எந்த ஆபத்து எழுதப்பட்டிருக்கிறது, எவ்வளவு தொகைக்கு எழுதப்பட்டிருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் கைக்கு வரும் பணத்தைத் தீர்மானிக்கின்றன.

## பாங்கும் அரசாங்கமும்

இனி ஆரம்பத்தில் சொன்ன பதில்களுக்கு வருவோம். பாங்க் போடும் காப்புறுதி பாங்கின் பணத்தைக் காக்கப் போடுவது. தொகை பெரும்பாலும் கடன் அளவுக்குத்தான் இருக்கும், வீட்டின் முழுப் பெறுமதிக்கு இருக்காது. அங்கேயும் சராசரி விதி வரும். நட்டஈடு முதலில் பாங்குக்குப் போகும். சிலரிடம் இருப்பது வீட்டுக்கான காப்புறுதியே அல்ல, கடன் எடுத்தவர் இறந்தால் மிச்சக் கடனை அடைக்கும் ஆயுள் காப்புறுதி. பொலிசியின் முதல் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அரசாங்கம் தருவது நிவாரணம். கிராம அலுவலர், பிரதேச செயலகம் வழியாக வரும். தேவையானது, வந்தால் நல்லது. ஆனால் அளவையும் காலத்தையும் அரசாங்கம் தீர்மானிக்கிறது. உங்கள் கையில் ஒப்பந்தம் இல்லை.

## மறைத்தால்

காப்புறுதி எடுக்கும்போது முக்கியமான உண்மைகளைத் தானாகச் சொல்வது எடுப்பவரின் கடமை. வாடகைக்குக் கொடுத்திருப்பது அப்படியான ஓர் உண்மை. அறையில் காஸ் அடுப்பு வைத்துச் சமைக்கிறார்களா, முன்பக்கம் கடையாகிவிட்டதா, கூரை தகரமா ஓடா, முன்பு வெள்ளம் ஏறியதா என்பனவும் அப்படித்தான். கட்டுப்பணம் கூடிவிடும் என்று "நாங்கள்தான் இருக்கிறம்" என்று எழுதினால், கோரிக்கை வரும் நாளில் நிறுவனம் பொலிசியையே செல்லாது என்று சொல்லலாம். முகவர் "அதை எழுதத் தேவையில்லை அண்ணை" என்று சொன்னாலும் எழுதுங்கள். கையெழுத்து உங்களுடையது.

காணியின் நிலையும் இதில் சேரும். வன்னியில் பலருடைய காணி உறுதிக் காணி அல்ல, அரச அனுமதிப்பத்திரக் காணி. அப்படியான காணியை மற்றவருக்குக் கொடுப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. வாடகைக்கு விடுமுன் பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைக் கேளுங்கள். அப்பா பெயரில் அனுமதிப்பத்திரம், மகன் பெயரில் பொலிசி என்றால், அந்த வீடு அழிந்தால் மகனுக்கு என்ன நட்டம் என்ற கேள்வியை நிறுவனம் எழுப்பும். சொத்தில் உரிமையோ நலனோ உள்ளவர்தான் அதற்குக் காப்புறுதி எடுக்க முடியும். வெளிநாட்டில் இருப்பவர்கள் சித்தப்பா பெயரில் எடுப்பதை விட்டு, தங்கள் பெயரில் எடுத்து, அற்றோணித் தத்துவத்தின் மூலம் அவரைக் கையெழுத்து வைக்கச் செய்வது பாதுகாப்பு.

## ஏதாவது நடந்தால்

முதலில் நிறுவனத்துக்குத் தொலைபேசி, அதோடு எழுத்திலும் அறிவித்தல். தீ, களவு, காயம் என்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். வெள்ளம், புயல் என்றால் கிராம அலுவலரின் கடிதம் உதவும். துப்புரவு செய்யுமுன் படம் எடுங்கள். சனம் வந்து சேற்றை அள்ளி, உடைந்த ஓடுகளை ஒதுக்கி, வீட்டைத் துடைத்து வைத்த பிறகு வரும் மதிப்பீட்டாளருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் நட்டம் கூடாமல் தடுப்பதும் உங்கள் கடமை. கூரை போயிருந்தால் படம் எடுத்த கையோடு தறப்பாள் போடுங்கள். அந்தச் செலவின் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் அதில் எந்த நிபந்தனையைக் காட்டி மறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காரணம் எழுதப்படாமல் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்குள் மேன்முறையீடு செய்தும் சரிவராவிட்டால், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். இரண்டு அலுவலகமும் கொழும்புப் பக்கம்தான், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் அனுப்பலாம். பொலிசி, மறுப்புக் கடிதம், படங்கள், பொலிஸ் பிரதி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.